திப்பு அனுப்பிய தூது... கண்ணை இழந்த காபூல் மன்னர்! யார் இந்த ஜமான் ஷா? வேலூர், ஆம்பூருக்கும் ஆப்கனுக்கும் என்ன தொடர்பு?

ஆப்கானிஸ்தான் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, 2021 ஆகஸ்ட்டில் காபூல் விமான நிலையத்தில் நகரும் விமானத்தோடு சேர்ந்து ஓடிய கூட்டம்தான். கொஞ்சம் மூத்தவர்களுக்கு 2001-ல் தொடங்கிய அமெரிக்கப் போர் நினைவிருக்கும். அவர்களுடைய அப்பாக்களுக்கு, 1979 டிசம்பரில் உள்ளே நுழைந்த சோவியத் டாங்கிகள்.

ஆனால் ஐரோப்பிய சக்தி ஒன்று, தன் வசதிக்காக காபூலின் ஆட்சியை ஆட்டிப் பார்க்க முயன்ற கதை இதற்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. ஆண்டு 1798, 1799. அந்தக் கதையின் ஒரு முனை காபூலில் இருக்கிறது. இன்னொரு முனை, நம்ம வேலூர் கோட்டையில்.

நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்தான் ஜமான் ஷா துரானி. இன்றைக்கு இந்தப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு கல்கத்தாவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தூங்கவிடாமல் செய்த பெயர்களில் இதுவும் ஒன்று. இன்னொரு பெயர், நாம் எல்லோருக்கும் தெரிந்த திப்பு சுல்தான்.

யார் இந்த ஜமான் ஷா?

1747-ல் காந்தஹாரில் அரசை நிறுவிய அகமது ஷா அப்தாலியின் பேரன். 1761 மூன்றாம் பானிபட் போரில் மராத்தியர்களைத் தோற்கடித்த அதே அப்தாலிதான். அவருடைய மகன் தைமூர் ஷா, தலைநகரை காந்தஹாரில் இருந்து காபூலுக்கு மாற்றினார். 1793-ல் அவர் இறந்தபோது, அடுத்த மன்னர் யார் என்று முடிவு செய்யாமலேயே போய்விட்டார். மகன்கள் மட்டும் இருபதுக்கும் மேல்!

அந்தக் கூட்டத்தில் முந்திக்கொண்டவர் ஜமான். வயது இருபதுகளில். அவரைத் தூக்கி அரியணையில் உட்கார வைத்தவர், பாரக்சாய் குலத்தின் தலைவர் பாயிந்தா கான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜமான் ஒன்றும் பாவப்பட்ட மனிதர் கிடையாது. போட்டிக்கு வந்த அண்ணன் ஹுமாயூனைப் பிடித்து, கண்களைக் குருடாக்கச் சொன்னவர் அவர். அந்த வம்சத்தில் இது ஒரு அரசியல் முறையாகவே இருந்தது. கண் இல்லாதவன் அரசனாக முடியாது. அதனால் கொல்ல வேண்டாம், கண்ணை எடுத்தால் போதும் என்பது கணக்கு. ஹெராத்தில் இருந்த இன்னொரு சகோதரர் மஹ்மூத் மட்டும் ஜமானின் கைக்குச் சிக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கப்போவது அவர்தான்.

மைசூரில் இருந்து காபூலுக்குப் போன தூது

இப்போது தெற்கே வருவோம்.

1792-ல் மூன்றாம் மைசூர் போரில் தோற்றதும், திப்பு தன் நாட்டில் ஏறக்குறைய பாதியை இழந்தார். இன்றைய கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் உள்ள பாராமஹால் பகுதி கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான். திப்புவின் 2 மகன்களைப் பணயக் கைதிகளாக மெட்ராசுக்குக் கூட்டிப்போனார்கள்.

தனியாக நின்று ஜெயிக்க முடியாது என்பது திப்புவுக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே துருக்கி சுல்தானுக்கும் பிரெஞ்சு அரசருக்கும் தூதர்களை அனுப்பிப் பார்த்தவர்தான். 1796-ல் அவர் தூதர்கள் போன இடம் காபூல். திட்டம் இதுதான்: ஜமான் ஷா வடக்கே டெல்லியைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து மராத்தியர்களையும் ஆங்கிலேயர்களையும் நெருக்க வேண்டும். அதே நேரம் திப்பு தெற்கில் இருந்து கிளம்புவார்.

கேட்க சிம்பிளாக இருக்கிறது, இல்லையா? ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கும் காபூலுக்கும் நடுவே எத்தனை ஆறு, எத்தனை மலை, எத்தனை அரசுகள் என்று வரைபடத்தைத் திறந்து பார்த்தால்தான் அந்தத் திட்டம் எவ்வளவு பெரிய ஆசை என்பது தெரியும். ஒரு கடிதம் போய் பதில் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும் காலம் அது.

ஜமானுக்கும் தாத்தாவைப் போல டெல்லி வரை போக ஆசை இருந்தது. 1797 ஜனவரியில் லாகூருக்குள் நுழைந்தார். ஆனால் ஹெராத்தில் மஹ்மூத் கலகம் செய்கிறார் என்று தகவல் வந்ததும் திரும்ப வேண்டியதாயிற்று. 1798 இறுதியில் மறுபடி வந்தார், மறுபடி லாகூரைப் பிடித்தார். அங்கிருந்து டெல்லி சுமார் 400 கிலோமீட்டர்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மராத்தியர்களைத் தெற்கே விரட்ட உதவி செய்யுங்கள் என்று ஜமான் ஷா கடிதம் எழுதியது யாருக்குத் தெரியுமா? கம்பெனியின் கவர்னர் ஜெனரலுக்கே! யார் எதிரி, யார் கூட்டாளி என்பதில் திப்புவுக்கு இருந்த தெளிவு அவருக்கு இல்லை. அல்லது காபூலில் இருந்து பார்த்தபோது கம்பெனி அவருக்கு ஒரு வியாபாரக் கூட்டமாக மட்டும் தெரிந்ததோ என்னவோ.

வெல்லெஸ்லி போட்ட கணக்கு

அந்தக் கடிதம் வந்த நேரத்தில் கவர்னர் ஜெனரலாக 1798-ல் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. அவருக்கு மூன்று பக்கமும் தலைவலி. எகிப்தில் நெப்போலியன் இறங்கிவிட்டார். மைசூரில் திப்பு பிரெஞ்சுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். லாகூரில் ஜமான் ஷா. போதாக்குறைக்கு, பதவி பறிக்கப்பட்ட அவத் நவாப் வசீர் அலியும் காபூலோடு தொடர்பு வைத்திருந்தார்.

வெல்லெஸ்லி காபூல் மீது படை அனுப்பவில்லை. அதற்கு வழியும் இல்லை, பணமும் இல்லை. அதற்குப் பதில் கம்பெனி செய்ததுதான் முக்கியம். ஆப்கனுக்கு மேற்கே இருக்கும் பாரசீகத்தை, அதாவது இன்றைய ஈரானைத் தூண்டிவிட்டது.

பாரசீக வளைகுடாவில் உள்ள புஷேர் துறைமுகத்தில் கம்பெனியின் ஆளாக இருந்தவர் மெஹ்தி அலி கான். பம்பாய் கவர்னரின் சொல்படி, பாரசீக மன்னர் ஃபத் அலி ஷாவின் அரசவையை அணுகினார். மஹ்மூத்துக்கு ஆதரவு கொடுங்கள், ஹெராத் பக்கம் நெருக்கடி கொடுங்கள், ஜமான் ஷா தானாகத் திரும்பிப் போவார் என்பதுதான் செய்தியின் சாரம். பாரசீக மன்னருக்கும் அந்தப் பகுதி மேல் ஏற்கெனவே ஒரு கண். ஆசை காட்டிய இடத்தில் ஆசை முன்பே இருந்தது.

1799 ஜனவரியில் ஜமான் ஷா லாகூரைக் காலி செய்துவிட்டு மேற்கே கிளம்பினார். அதில் கம்பெனியின் பங்கு எவ்வளவு, சகோதரர்களின் சொந்தப் பகை எவ்வளவு என்று இன்றும் வாதம் ஓடுகிறது. மஹ்மூத் ஏற்கெனவே சும்மா இருந்த ஆள் இல்லை என்பதால், முழுப் பெருமையையும் கம்பெனிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது யார் என்பதில் சந்தேகம் இல்லை.

கம்பெனி அதோடு நிற்கவும் இல்லை. அடுத்து ஜான் மால்கம் என்ற இளம் அதிகாரியைப் பெரிய பரிசுகளோடு பாரசீகத்துக்கு அனுப்பியது. 1801 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. ஆப்கன் மன்னர் இந்தியா மேல் படையெடுக்க முயன்றால், பாரசீகப் படை ஆப்கன் நாட்டுக்குள் புகுந்து அதை நாசம் செய்ய வேண்டும். இதுதான் அந்த ஒப்பந்தத்தின் ஷரத்து. மன்னர் படையெடுப்பார், நாசமாவது ஊர். இதைப் பேசி முடித்த மேசையில் ஒரு ஆப்கன்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

ஆம்பூர் வழியாகப் போன படை

ஜமான் ஷா லாகூரை விட்டது 1799 ஜனவரி என்று பார்த்தோம். அடுத்த மாதம் என்ன நடந்தது?

பிப்ரவரி 11 வாக்கில், ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் மெட்ராஸ் படை வேலூரில் இருந்து கிளம்பியது. ஆம்பூர் பக்கத்தில் ஹைதராபாத் நிஜாமின் படை வந்து சேர்ந்துகொண்டது. அந்தப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பைப் பிறகு ஏற்றவர், கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்து வெலிங்டன் பிரபு என்று உலகத்துக்கே தெரியப்போகிறவர். அன்றைக்கு ஆம்பூர் பக்கம் கூடாரத்தில் இருந்த ஒரு கர்னல்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷூ கம்பெனி பஸ்களும் தோல் ஏற்றிய லாரிகளும் ஓடும் இந்தப் பாலாற்றுப் பக்கம், அப்போது பீரங்கி இழுக்கும் மாடுகளால் நிறைந்திருந்தது. தோல் தொழில் இங்கே பெரிதாக வளர்ந்தது எல்லாம் அதற்கப்புறம், 19-ம் நூற்றாண்டில். 1799-ல் இது மைசூருக்குப் போகும் ராணுவப் பாதை. படை ராயக்கோட்டை வழியாக மேலே ஏறியது.

வடக்கே ஆப்கன் பயம் தணிந்திருந்த நேரம். தெற்கே முழு கவனத்தையும் செலுத்த முடிந்தது. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. திப்பு கோட்டைக்குள்ளேயே போரிட்டு இறந்தார். அரண்மனையில் கைப்பற்றிய கடிதங்களில் காபூலோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இருந்தது. கம்பெனி அதை மொழிபெயர்த்து அச்சடித்தே வெளியிட்டது. திப்பு எவ்வளவு ஆபத்தானவர் பாருங்கள் என்று லண்டனுக்குக் காட்ட வேண்டுமே!

ஜமான் ஷா பயத்தைக் கம்பெனி வேறு ஒரு இடத்திலும் காசாக்கியது. ஆப்கன் படை வந்தால் உங்களைக் காப்பாற்ற எங்கள் ராணுவம் வேண்டும், அதற்குச் செலவு ஆகும் என்று சொல்லி, 1801 நவம்பரில் அவத் நவாபிடம் இருந்து ஏறக்குறைய பாதி நாட்டை எழுதி வாங்கிக்கொண்டது. அப்போது ஜமான் ஷா அரியணையிலேயே இல்லை என்பதுதான் இதில் ஹைலைட்.

அரியணை போனது எப்படி?

லாகூரில் இருந்து திரும்பிய ஜமானுக்கு ஊரில் ஒரு சதி பற்றிய தகவல் கிடைத்தது. அமைச்சர் வஃபாதார் கானின் ஆதிக்கத்தைப் பிடிக்காத குலத் தலைவர்கள் சிலர் ஆட்சியை மாற்றப் பார்க்கிறார்கள் என்று. மன்னர் அத்தனை பேரையும் கொல்லச் சொன்னார். கொல்லப்பட்டவர்களில் ஒருவர், அவரை அரியணையில் ஏற்றிய பாயிந்தா கான்.

ஜமான் ஷா செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்று சொல்லலாம். பாயிந்தா கானுக்கும் மகன்கள் இருபதுக்கும் மேல். மூத்தவர் ஃபத்தே கான் நேராகப் பாரசீகத்துக்குத் தப்பி ஓடினார். அங்கே ஏற்கெனவே அடைக்கலம் புகுந்திருந்த மஹ்மூத்தோடு கை கோத்தார். அப்பாவைக் கொன்றவன் மேல் ஒருவருக்குக் கோபம், அண்ணன் கண்ணைப் பிடுங்கியவன் மேல் இன்னொருவருக்குப் பயம். ஒதுங்க இடம் கொடுக்கப் பாரசீகம். பாரசீகத்துக்குத் தட்டிக்கொடுக்கக் கம்பெனி.

இருவரும் காந்தஹாரைப் பிடித்து, காபூல் நோக்கி வந்தார்கள். ஜமானின் படையில் பலர் கட்சி மாறினார்கள். மிச்சமிருந்த சிலரோடு கிழக்கே ஓடிய மன்னர், காபூலுக்கும் ஜலாலாபாத்துக்கும் நடுவே உள்ள மலைப்பகுதியில், ஷின்வாரி குலத்தைச் சேர்ந்த ஆஷிக் என்பவரின் கோட்டையில் தங்கினார். வீடு தேடி வந்தவனைக் காப்பது பஷ்தூன்களின் மரபு. ஆஷிக் அந்த மரபைப் பார்க்கவில்லை. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மஹ்மூத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஆள் வந்தது. கூரான கத்தி முனையால் ஜமான் ஷாவின் கண்கள் குத்தப்பட்டன. தன் அண்ணனுக்கு அவர் விதித்த அதே தண்டனை. 1801-ல் அவருடைய ஆட்சி முடிந்துபோனது. வயது முப்பதை ஒட்டி. அதற்கப்புறம் 40 ஆண்டுகளுக்கு மேல் அவர் இருட்டிலேயே வாழ்ந்தார்.

பிடிபடும் முன், கையில் இருந்த கோஹினூர் வைரத்தை அந்தக் கோட்டைச் சுவரில் ஒளித்து வைத்துவிட்டார் என்பது பிரபலமான செய்தி. 2 ஆண்டு கழித்து ஆட்சிக்கு வந்த அவருடைய கூடப்பிறந்த தம்பி ஷா ஷுஜா, ஆள் அனுப்பி அதை எடுத்தாராம். காட்டிக்கொடுத்த ஆஷிக்குக்கு மரண தண்டனை கொடுத்ததும் ஷுஜாதான்.

வேலூரில் ஒரு குடும்பம், லூதியானாவில் ஒரு குடும்பம்

அதே காலத்தில் திப்புவின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? வேலூர் கோட்டையில். திப்பு இறந்த பிறகு, மகன்கள், மனைவியர், உறவினர், வேலைக்காரர்கள் என்று பெரிய கூட்டத்தையே கம்பெனி இங்கே கொண்டுவந்து வைத்தது. கோட்டைக்குள் இன்று திப்பு மஹால், ஹைதர் மஹால், பாதுஷா மஹால், பேகம் மஹால் என்று சொல்லப்படும் கட்டடங்கள் அந்தக் காலத்தின் பெயர்கள். சங்கிலி கிடையாது. மாதப் படி உண்டு. ஆனால் வெளியே போக முடியாது.

1806 ஜூலை 10 விடியற்காலையில் இங்கே வெடித்த சிப்பாய் புரட்சி நமக்குப் பாடப்புத்தகத்தில் உண்டு. புதிதாகக் கொண்டுவந்த தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. அது எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்விதான் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பையும் கொதிக்க வைத்தது. தோலுக்குப் பெயர் வாங்கப்போகும் மாவட்டத்தில், ஒரு துண்டுத் தோல் கிளப்பிய கலகம்! கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை மன்னராக அறிவித்தார்கள். அன்று மதியத்துக்குள் ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. திப்புவின் மகன்களைக் கடல் வழியே கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துப் பெண்கள் சிலரின் கல்லறைகள் மட்டும் வேலூரிலேயே, கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன.

ஜமான் ஷாவின் கதையும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போனது. தம்பி ஷுஜா 1803-ல் காபூலைப் பிடித்ததும் சிறையில் இருந்து வெளியே வந்தார். அந்த ஆண்டு காபூல் தெருக்களில் சன்னி, ஷியா மக்கள் நடுவே பெரிய கலவரமும் நடந்தது. அரண்மனைச் சண்டை வீதிக்கு இறங்கிவிட்டது. 1809-ல் ஷுஜாவும் விரட்டப்பட்டார். சகோதரர்கள் இருவரும் பஞ்சாப் பக்கம் அலைந்தார்கள். 1813-ல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங் கோஹினூரை ஷுஜாவிடம் இருந்து வாங்கிக்கொண்டார். கடைசியில் அண்ணன், தம்பி இருவருக்கும் இடம் கொடுத்தது, கம்பெனியின் எல்லை ஊரான லூதியானா.

யாருடைய பெயரைக் கேட்டு கம்பெனி நடுங்கியதோ, அவருக்கே கம்பெனி மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. இதை இரக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய அரச குடும்பம் ஒன்றைக் கைவசம் வைத்திருந்தால் என்றைக்காவது உதவும். திப்பு குடும்பத்தைக் கம்பெனி அடைத்து வைத்தது, அவர்கள் திரும்ப ஆளக் கூடாது என்பதற்காக. ஷுஜா குடும்பத்தைப் பராமரித்தது, தேவைப்பட்டால் திரும்ப ஆள வைப்பதற்காக.

ஷுஜா துரத்தப்படுவதற்குக் கொஞ்சம் முன்பு, 1809 ஜூனில், கம்பெனி அவரோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. என்னவென்று கேட்டால் சிரிப்பு வரும். பிரெஞ்சுக்காரர்களும் பாரசீகர்களும் இந்தியாவுக்கு வராமல் ஆப்கன் மன்னர் தடுக்க வேண்டுமாம்! 1801-ல் ஆப்கனைத் தடுக்கப் பாரசீகம், 1809-ல் பாரசீகத்தைத் தடுக்க ஆப்கன். பயம் திசை மாறும்போதெல்லாம் அங்கே காவல் நிற்க வேண்டியவர்களும் மாறினார்கள்.

அந்த நாளும் வந்தது

இடைப்பட்ட காலத்தில் ஆப்கன் நாடு சுருங்கிக்கொண்டே வந்தது. அரச குலத்துக்கும் பாயிந்தா கானின் மகன்களுக்கும் ஓயாத சண்டை. 1818-ல் ஃபத்தே கானையும் கண்ணைக் குருடாக்கிக் கொன்றார்கள். முல்தான், காஷ்மீர், பிறகு பெஷாவர் என்று ஒவ்வொன்றாக ரஞ்சித் சிங் கைக்குப் போயின. வரி வந்த வளமான ஊர்கள் அவை. மிச்சம் இருந்தது மலையும் சண்டையும். 1826-ல் காபூலில் நிலைத்தவர் ஃபத்தே கானின் தம்பி தோஸ்த் முகமது.

இப்போது கம்பெனியின் புதுப் பயம் ரஷ்யா. தோஸ்த் முகமதுவை நம்ப முடியாது என்று முடிவு செய்து, 1839-ல் ஷா ஷுஜாவை லூதியானாவில் இருந்து எடுத்துத் தூசி தட்டி, பெரும்படையோடு காபூலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். 30 ஆண்டுகள் ஊரில் இல்லாத மன்னர், வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நடுவே வந்து இறங்கினால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

1841 நவம்பரில் காபூல் கொதித்தது. 1842 ஜனவரியில், கொட்டும் பனியில், சுமார் 4,500 சிப்பாய்களும் 12,000 உடன் வந்தவர்களும் ஜலாலாபாத் நோக்கிப் பின்வாங்கினார்கள். ஜமான் ஷா 41 ஆண்டுகளுக்கு முன் தப்பி ஓடிய அதே மலைப்பகுதி. வழியிலேயே படை அழிந்துபோனது. ஜனவரி 13 அன்று ஜலாலாபாத் வாசலுக்கு வந்து சேர்ந்த டாக்டர் பிரைடனின் கதை பிரிட்டனில் ஓவியமாகவே வரையப்பட்டது. செத்தவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலேயர்கள் அல்ல, கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களும் அவர்களோடு போன சமையல்காரர், சலவைத் தொழிலாளர், அவர்களின் பெண்டு பிள்ளைகளும் என்பது அந்த ஓவியத்தில் தெரியாது. ஏப்ரலில் ஷா ஷுஜாவும் கொல்லப்பட்டார்.

பழிவாங்க வந்த படை அதே ஆண்டு காபூலுக்குள் நுழைந்து, சார் சத்தா என்ற புகழ்பெற்ற கூரை போட்ட கடைவீதியை இடித்துக் கொளுத்தியது. அந்தக் கடைவீதியில் உட்கார்ந்து பழமும் துணியும் விற்றவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. பக்கத்தில் இஸ்தாலிஃப் என்ற ஊரையும் சூறையாடினார்கள். முடித்துவிட்டு, தோஸ்த் முகமதுவையே திரும்ப ஆளவிட்டுவிட்டு, கம்பெனி கிளம்பிவிட்டது. மூன்றரை ஆண்டுப் போர், ஆரம்பித்த இடத்திலேயே முடிந்தது.

ஆப்கானிஸ்தானைப் பேரரசுகளின் கல்லறை என்று எழுதுவது இப்போது ஃபேஷன். நம் ஸ்கிரீனிலும் அந்த வார்த்தை அடிக்கடி ஓடும். யோசித்துப் பார்த்தால், அதில் பேரரசுகளின் கஷ்டம்தான் இருக்கிறது. பேரரசுகள் ஊருக்குத் திரும்பிவிட்டன. கல்லறைகள் நிஜமாக இருப்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான்.

அதன் பிறகு?

1878-ல் மறுபடி போர். இந்த முறை மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் ஆப்கன் மலைகளுக்குப் போனார்கள். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு ராணுவ வீரர் என்று சொல்லும் கிராமங்கள் இன்றும் உண்டு என்பதால், இது நமக்கு ரொம்ப தூரத்துச் செய்தியும் அல்ல. 1919-ல் மூன்றாவது போர். அதற்குப் பிறகுதான் ஆப்கன் தன் வெளியுறவைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றது.

1979-ல் சோவியத் படை வந்தபோது கூடவே பாப்ரக் கார்மல் ஆட்சிக்கு வந்தார். 2001-ல் அமெரிக்கா வந்த பிறகு ஹமீத் கர்சாய். கர்சாய் பிறந்த போபல்சாய் குலமும் ஷா ஷுஜாவின் குலமும் ஒன்றுதான் என்பதை ஆப்கன் மக்கள் மறக்கவே இல்லை. 3 பேருடைய கதையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. கர்சாய் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கியவர், ஷுஜா அப்படி இல்லை. ஆனால் மூவரும் காபூலுக்கு வந்த நேரத்தில் வெளியே யாருடைய விமானம், யாருடைய பீரங்கி நின்றது என்ற கேள்வி மட்டும் அந்த ஊரில் மாறவில்லை.

ஜமான் ஷா என்ன ஆனார்?

1842-ல் காபூல் கடைவீதியை எரித்துவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படையோடு, ஷா ஷுஜாவின் குடும்பமும் இந்தியாவுக்குக் கிளம்பியது. தம்பி செத்துவிட்டார், தம்பி மகனால் காபூலில் இருக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் எழுபதைத் தொட்ட, கண் தெரியாத ஒரு கிழவரும் இருந்தார். வழிநெடுகக் கிடந்த முந்தைய படையின் எலும்புகளைக் கூட வந்தவர்கள் பார்த்தார்கள், அவருக்கு யாராவது சொல்லித்தான் தெரிந்திருக்கும். அவர்தான் ஜமான் ஷா. கூட நடந்த வெள்ளைக்கார சிப்பாய்களில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அநேகமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மறுபடியும் லூதியானா, மறுபடியும் உதவித்தொகை. சில ஆண்டுகளில் இறந்துபோனார். லாகூரில் இருந்து டெல்லிக்குப் போகும் பாதையில் உள்ள சிர்ஹிந்தில், ரௌசா ஷரீஃப் தர்கா வளாகத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். இன்றைய பஞ்சாப் மாநிலத்தின் ஃபதேகர் சாஹிப் மாவட்டம். பக்கத்திலேயே அவருடைய மனைவியின் கல்லறையும் இருக்கிறது.